புதுப்பிப்பு: குடைமிளகாய் ஜாமில் காய் வதக்கல், ஒரு திருத்தம்

குடைமிளகாய் ஜாம் சேர்த்துக் காய் வதக்குவது பற்றிய முந்தைய பதிவில் கொடுத்த ஜாம் அளவு (சிவப்புக் குடைமிளகாய் 500 கிராம், சர்க்கரை 250 கிராம், வினிகர் 60 மில்லி) அப்படியேதான். ஆனால் ஜாமை எண்ணெயோடு முதலிலேயே சேர்க்கச் சொன்னது தவறு. காய் வேகுமுன் சர்க்கரை கருகிக் கசந்துவிடும்.

கத்தரிக்காய் 400 கிராமை நீளவாக்கில் நறுக்கி, உப்புப் பிசறி 20 நிமிடம் வைத்துப் பிழியுங்கள். 3 மேசைக்கரண்டி எண்ணெயில் சிவக்க வதக்கி, தீயைக் குறைத்த பிறகே 2 மேசைக்கரண்டி ஜாம், 1 மேசைக்கரண்டி தண்ணீர். ஒன்றரை நிமிடம் புரட்டினால் பளபளவென்று ஒட்டிக்கொள்ளும். உடனே இறக்குங்கள், மேற்கொண்டு உப்பு வேண்டாம்.

சுரைக்காய், பூசணி போல நீர் விடும் காய்களுக்கு இது சரிவராது, இனிப்புக் குழம்புதான் மிஞ்சும். காலிஃபிளவர், கேரட்டை ஓவனில் 200 டிகிரி செல்சியஸில் 25 நிமிடம் சுட்டு, கடைசி 5 நிமிடத்தில் மட்டும் ஜாம் தடவுங்கள். தித்திப்பு தூக்கலானால் எலுமிச்சை பிழியலாம்.