விரல் வைத்தது சென்னையில், கேள்வி வந்தது கனடாவிலிருந்து

கொழிஞ்சாம்பாறை:

தங்கை கனடாவில் பிராம்ப்டனில் இருக்கிறாள். 2023-ல் அவளுக்குப் பிரசவம். அம்மாவுக்குத் தமிழும் கொஞ்சம் மலையாளமும்தான் தெரியும், விமானம் ஏறியதே இல்லை. அதனால் நானும் துணைக்குப் போவதாக முடிவு செய்து, பாலக்காட்டில் ஒரு ஏஜெண்ட் மூலம் இருவருக்கும் விசிட்டர் விசாவுக்குப் போட்டோம்.

கனடாவிலோ வேறு எந்த நாட்டிலோ உங்களுக்கு விசா மறுத்திருக்கிறார்களா என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வி உண்டு. எனக்கு 2015-ல் அமெரிக்க விசா கிடைக்கவில்லை. கம்பெனி டிரெயினிங்குக்குக் கேட்டது. சென்னையில் பத்து விரலையும் வைத்து ரேகை கொடுத்தேன், மறுநாள் இரண்டே நிமிட நேர்காணல், கையில் 214 பி என்று அச்சடித்த ஒரு சீட்டு. ஊருக்குத் திரும்பி வருவேன் என்று அவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை என்று மறுக்கிற சட்டப் பிரிவு அது. ஏஜெண்டிடம் இதைச் சொன்னேன். "அது அமெரிக்கா, இது கனடா. பேடிக்கண்டா ஏட்டா" (பயப்படாதீர்கள் அண்ணா) என்று சொல்லி 'இல்லை' என்று போட்டுவிட்டார். நானும் கையெழுத்துப் போட்டேன்.

அம்மாவுக்கு விசா வந்தது. எனக்கு ஒரு கடிதம் வந்தது. முந்தைய மறுப்பைச் சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள், 30 நாளுக்குள் விளக்கம் கொடுங்கள் என்று. ஏஜெண்ட் போனையே எடுக்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதி, பழைய சீட்டையும் சேர்த்து அனுப்பினேன். ஏற்கவில்லை. யார் நிரப்பிக் கொடுத்தாலும் பொறுப்பு விண்ணப்பித்தவருக்குத்தான். அவர்களுடைய குடியேற்றச் சட்டம் 40-வது பிரிவில் 5 வருடத் தடை.

எப்படித் தெரிந்தது என்று அப்புறம்தான் தேடிப் படித்தேன். விசா கேட்பவர்களின் விவரங்களை ஒருவருக்கொருவர் ஒப்பிட்டுப் பார்க்க அமெரிக்காவும் கனடாவும் 2012 டிசம்பரிலேயே ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. பெயர், பிறந்த தேதியில் தொடங்கி, பிறகு கைரேகையும் அதில் சேர்ந்தது. நம்மைப் போல ஆசியாவிலிருந்து போகிறவர்களிடம் கனடா ரேகை கேட்கத் தொடங்கியது 2018 டிசம்பர் 31 முதல். ஆக, நான் விரல் வைத்த அன்றைக்கே பழைய கதை வெளியே வந்திருக்கும்.

என் தவறை நான் மறைக்கவில்லை. வேறு அரசுகளோடு பகிர்வோம் என்று விண்ணப்பத்திலும் பொடி எழுத்தில் போட்டுத்தான் இருக்கிறார்கள். எனக்கு ஆறாதது வேறு. 2022 ஜூலை முதல் கனடாவுக்கு வெளியே இருப்பவரும் அந்த நாட்டுத் தனியுரிமைச் சட்டப்படி தன் கோப்பைக் கேட்டு வாங்கலாம், கட்டணம் கிடையாது. கேட்டேன், வந்தது. முக்கியமான இடத்தில் நாலு வரிக்குக் கறுப்புப் பட்டை. ஓரத்தில் 19-வது பிரிவு என்று குறிப்பு. அதாவது, வேறொரு அரசு ரகசியமாகக் கொடுத்த தகவலைக் காட்ட மாட்டார்கள். விரல் என்னுடையது, பெயர் என்னுடையது. இரண்டு அரசுகள் அதைப் பார்க்கலாம், நான் மட்டும் பார்க்கக் கூடாதா? அதில் ஏதாவது பிசகாக எழுதியிருந்தால் திருத்தச் சொல்வது எப்படி?

அம்மா தனியாகத்தான் போனார். காலண்டர் அட்டையைக் கிழித்து, பின்பக்கம் பெரிய எழுத்தில் "எனக்குத் தமிழ் மட்டும் தெரியும், மகளைப் பார்க்கப் போகிறேன்" என்று ஆங்கிலத்தில் எழுதி, கீழே தங்கை நம்பரையும் போட்டுக் கொடுத்தேன். இறங்கும் வரைக்கும் அதைக் கையிலேயே பிடித்திருந்தாராம். வியர்வையில் கடைசி இரண்டு எண் அழிந்துபோயிருந்தது.

மூணாறு:

எங்கள் மாமாவை துபாயிலிருந்து திருப்பி அனுப்பினார்கள். ஊரில் வேறு இனிஷியலோடு புது பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு மறுபடி போனார். விமான நிலையத்தில் கண்ணை ஸ்கேன் செய்ததுமே பிடிபட்டுவிட்டார். அங்கே 2000-களின் தொடக்கத்திலிருந்தே கருவிழிப் பதிவு இருக்கிறது. பெயரை மாற்றலாம், கண்ணை மாற்ற முடியாதே. எஸ்டேட் லயத்தில் அடுத்த வீட்டுக்காரர்களுக்குக்கூட அவர் ஏன் திரும்பி வந்தார் என்று கடைசிவரை சொல்லவில்லை.

பாறசாலை:

அண்ணா, என் மகனுக்கு 2019-ல் ஆஸ்திரேலியாவில் படிக்க விசா மறுத்தார்கள். இப்போது லண்டனுக்குப் போடுகிறோம். கன்சல்டன்சியில் பழையதைக் காட்ட வேண்டாம் என்கிறார்கள். என்ன செய்யட்டும்?

கொழிஞ்சாம்பாறை:

காட்டுங்கள் அக்கா, கட்டாயம் காட்டுங்கள். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஐந்தும் குடியேற்ற விஷயத்தில் கைரேகையை ஒப்பிட்டுப் பார்க்கிற கூட்டு நாடுகள். ஒரு தடவை மறுத்தார்கள் என்பதற்காக மட்டும் பிரிட்டனில் கதவைச் சாத்திவிட மாட்டார்கள். மறைத்தது தெரிந்தால் 10 வருடத் தடை வரை போகும், பையனுக்குப் படிக்கிற வயதே போய்விடும். ஆஸ்திரேலியா கொடுத்த மறுப்புக் கடிதம் கையில் இருந்தால் அதையே இணைத்துவிடுங்கள். அப்புறம், நிரப்பிய விண்ணப்பத்தைத் தம்பியே ஒவ்வொரு கேள்வியாகப் படித்துப் பார்க்கட்டும். அவர் சரி என்று சொல்கிற வரைக்கும் கன்சல்டன்சியில் அனுப்ப விடாதீர்கள்.