5 மி.மீ ஸ்பேசரா, 15 மி.மீ ஸ்பேசரா? ஹப், ஸ்டட் அளவு எப்படிப் பார்ப்பது?

வளைவுநெளிவு:
வணக்கம். என் காரின் கம்பெனி வீல் 5 அங்குல அகலம், ஆஃப்செட் (வீல் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து அதை மாட்டும் முகம் வெளிப்பக்கம் தள்ளியிருக்கும் தூரம்) 45 மி.மீ. இப்போது மாட்டியிருக்கும் அலாய் வீல் 6 அங்குலம், ஆஃப்செட் அதே 45. முன்பக்கம் டயருக்கும் ஸ்ட்ரட்டுக்கும் (சஸ்பென்ஷன் தூண்) நடுவே 2 மி.மீ இடம்கூட இல்லை. பி.சி.டி (ஸ்டட்கள் அமைந்த வட்டம்) 4×100, அதாவது 100 மி.மீ வட்டத்தில் 4 ஸ்டட்; ஹப் (வீல் மாட்டும் நடுப்பகுதி) விட்டம் 54.1 மி.மீ; ஸ்டட் (நட்டு ஏறும் மரையாணி) எம்12×1.25, அதாவது விட்டம் 12 மி.மீ, பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி) 1.25 மி.மீ. அலாயின் நடுத்துளை 73.1, அதில் ஹப்புக்குப் பொருந்தும்படி பிளாஸ்டிக் வளையம் இருக்கிறது. வீலை வெளியே தள்ள, ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே வைக்கும் ஸ்பேசர் பார்க்கிறேன்; வெறும் தட்டாக 5 மி.மீ ஸ்பேசரும், சொந்த ஸ்டட்டோடு 15 மி.மீ ஸ்பேசரும் கிடைக்கின்றன. இரண்டிலும் '4×100' என்று மட்டும்தான் போட்டிருக்கிறது. எதை வாங்கலாம்?

மரைகழன்றவன்:
முதலில் 15-ஐ ஓரங்கட்டி விடுங்கள். அகலம் ஒரு அங்குலம் கூடி, ஆஃப்செட் மாறாவிட்டால், உள்ளே 12.7, வெளியே 12.7 மி.மீ போகும். அதற்கு மேல் 15 போட்டால் கம்பெனி வீலைவிட 27.7 மி.மீ வெளியே நிற்கும். நான்கு பேர் ஏறி ஒரு பள்ளத்தில் இறங்கினாலே ஃபெண்டர் (மட்கார்டு) ஓரம் டயரைச் சீவிவிடும். உங்களுக்குத் தேவை 5 மட்டும்தான். அதைப் போட்டால் ஆஃப்செட் 40 மாதிரி ஆகிவிடும்.

ஆனால் 5-க்கு உங்கள் ஸ்டட் போதுமா என்பதுதான் நிஜமான கேள்வி. இப்போதைய நிலையில் ஒரு நட்டைக் கழற்றி, மரை பிடிக்கும் இடத்திலிருந்து கையால் சுற்றி, வீலில் உட்காரும் வரை எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். பிட்ச் 1.25 என்பதால் 5 மி.மீ ஸ்பேசர் அதில் 4 சுற்றைத் தின்றுவிடும். மிச்சம் பிடிக்கும் நீளம் ஸ்டட்டின் விட்டத்துக்குக் குறையக் கூடாது. 12 மி.மீ ஸ்டட்டுக்கு 12 மி.மீ பிடி, அதாவது 1.25-இல் கிட்டத்தட்ட 10 சுற்று. 1.5 பிட்சாக இருந்தால் 8.

ஹப்வளையம்:
பிட்சையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். சுசுகி, நிஸான் பக்கம் 1.25, டொயோட்டா, ஹோண்டா, ஹூண்டாயில் பெரும்பாலும் 1.5. ஸ்டட்டில் 10 மரை நீளத்தை வெர்னியரில் அளந்தால் 12.5 வரும் அல்லது 15 வரும், குழப்பமே இல்லை. 1.5 நட்டை 1.25 ஸ்டட்டில் போட்டால் இரண்டு மூன்று சுற்று சாதுவாகப் போய் இறுகிக்கொள்ளும். அதை 'துரு' என்று நினைத்து ரென்ச்சால் தள்ளினால் மரை போச்சு.

அடுத்தது நடுத்துளை. பிரேக் டிஸ்க் முகத்திலிருந்து ஹப்பின் வட்ட விளிம்பு எவ்வளவு வெளியே நீட்டுகிறது என்று அளந்து சொல்லுங்கள். ஸ்பேசரின் துளை சரியாக 54.1 இருக்க வேண்டும். பல பி.சி.டி-க்கும் பொதுவாக நீளத் துளை போட்ட தட்டுகளில் நடுத்துளை பெரிதாக இருக்கும். அது ஹப்பில் பிடிக்காது; ஹப் விளிம்பு வீலையும் எட்டாவிட்டால் வீலை நட்டு மட்டும்தான் மையப்படுத்தும். அரை மி.மீ தள்ளி உட்கார்ந்தாலும் 80-100 கி.மீ வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். வீல் பேலன்ஸ் எத்தனை தடவை செய்தாலும் போகாது.

வளைவுநெளிவு:
அளந்தேன். நட்டு 10 சுற்று. ஹப் விளிம்பு 8 மி.மீ நீட்டுகிறது. 10 மரை நீளம் 12.5. 15 மி.மீ ஸ்பேசர் வேண்டாம், புரிகிறது. ஆனாலும் அதில் ஸ்டட் இடிக்காதா என்று ஒருவர் கேட்டார்.

மரைகழன்றவன்:
இடிக்கலாம். கார் ஸ்டட் டிஸ்க் முகத்திலிருந்து 27 மி.மீ நீட்டினால், 15 மி.மீ ஸ்பேசரைத் தாண்டி 12 மி.மீ வெளியே நிற்கும். வீலின் பின்பக்கத்தில் நட்டு ஓட்டைகளுக்கு நடுவே பள்ளம் இருந்தால் அதற்குள் போய்விடும். இல்லாவிட்டால் வீல் ஸ்பேசரில் உட்காராது, ஸ்டட் நுனியில் உட்காரும். ஸ்டட்டை அறுத்துவிடுங்கள் என்று சொல்வார்கள். அறுத்தால் பிறகு ஸ்பேசர் இல்லாமல் வீலை மாட்டவே முடியாது, ஸ்டெப்னி உட்பட.

உங்கள் கணக்கு: 10-இல் 4 போனால் 6 சுற்று, அதாவது 7.5 மி.மீ பிடி. போதாது. 10 மி.மீ நீளம் கூடிய ஸ்டட் வாங்குங்கள். மரை அளவு மட்டுமல்ல, ஹப்புக்குள் அடித்து இறங்கும் வரிப்பட்ட பகுதியின் விட்டமும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். சிறிதாக இருந்தால் நட்டைக் கழற்றும்போது ஸ்டட்டும் சேர்ந்து சுழலும், அப்போதுதான் தலைவலி. ஹப்பைக் கழற்றி பிரஸ்ஸில் இறக்குவதே நல்லது.

நீள ஸ்டட் போட்டால் மூடிய நட்டு ஆபத்து. ஸ்டட் நுனி மூடியின் அடியில் முட்டிக்கொள்ளும். ரென்ச் 'டிக்' அடிக்கும், வீல் தளர்ந்தே இருக்கும். திறந்த நட்டு போடுங்கள், அதன் கூம்பு கோணம் அலாய் இருக்கைக்குப் பொருந்த வேண்டும். பெரும்பாலும் 60 டிகிரி. கம்பெனி நட்டைக் கண்ணை மூடிக்கொண்டு அலாயில் போடாதீர்கள்.

ஹப்வளையம்:
8 மி.மீ-யில் ஸ்பேசர் 5 எடுத்தால் 3 மிச்சம். உங்கள் பிளாஸ்டிக் வளையத்தின் உள்விளிம்பு சரிவாக வெட்டப்பட்டிருந்தால் அதிலும் 1-2 போய்விடும். வளையம் வீலின் பின்முகத்தோடு சமமாக உட்காரட்டும், உள்ளே அமுங்கியிருந்தால் ஹப்பைத் தொடவே தொடாது. விளிம்பின் வேலை மையப்படுத்துவது மட்டும். பாரத்தைத் தாங்குவது நட்டின் இறுக்கத்தால் முகங்களுக்கு இடையே வரும் உராய்வு. ஆகவே 3 மி.மீ முழுதாகப் பிடித்தால் போதும்.

மாட்டும் முன் டிஸ்க் முகத்துத் துருவைக் கம்பிப் பிரஷ்ஷால் சுரண்டுங்கள். டிஸ்க்கைப் பிடிக்கும் சிறு ஸ்குரூவின் தலை மேலே நிற்கிறதா பாருங்கள், நின்றால் ஸ்பேசர் சாய்ந்து உட்காரும். மரையில் கிரீஸ் வேண்டாம், அதே டார்க்கில் (முறுக்கு விசையில்) ஸ்டட் அளவுக்கு மீறி இழுபடும். வீல் தரையில் படாத நிலையில் குறுக்குக் குறுக்காகக் கையால் இறுக்கி, பிறகு இறக்கி டார்க் ரென்ச். எம்12-க்குப் பொதுவாக 100 நியூட்டன் மீட்டர் சுற்றி வரும், கார் கையேட்டில் உள்ளதே கடைசி வார்த்தை. 50-100 கி.மீ ஓடியதும் வீல் ஆறியபின் மறுபடி பாருங்கள். இரண்டு 3 மி.மீ தட்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது மட்டும் வேண்டாம்.

மரைகழன்றவன்:
ஒன்று விட்டுவிட்டேன். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்து, டயருக்கும் உள் லைனருக்கும் (மட்கார்டின் உள்பக்க மறைப்பு) நடுவே விரல் போகிறதா பாருங்கள். ஸ்ட்ரட் பக்கம் மட்டும் பார்த்தால் போதாது.