மறு: எரூவ் என்பதற்கு ‘ஓய்வுநாள் வேலி’ பொருந்துமா?

> ‘ஓய்வுநாள் வேலி’ என்றே வைத்துக்கொள்ளலாம். கம்பி கட்டி ஊரை வளைப்பதுதானே?

வணக்கம் ஐயா.

வேலி வேண்டாம். வேலி ஆளை மறிக்கும். எரூவ் யாரையும் மறிப்பதில்லை; ஓய்வுநாளில் யூதர்கள் அதற்குள் பொருள் சுமந்து போகலாம் என்பதற்காக ஊரைச் சுற்றி வகுக்கும் எல்லை அது. யூதச் சட்டப்படி அந்தக் கம்பி ஒரு வாசல். இரண்டு கம்பங்கள் நிலைக்கால், மேலே ஓடும் கம்பி உத்தரம் என்று கணக்கு. அதனால்தான் கம்பி கம்பத்தின் உச்சிக்கு மேலாகப் போகவேண்டும். பக்கவாட்டில் கட்டினால் செல்லாது. ஏற்கெனவே பக்கவாட்டில் கம்பி ஓடும் மின்கம்பமானால், கம்பிக்கு நேர்கீழே ஒரு மெல்லிய பட்டையைப் பொருத்திவிடுகிறார்கள். எபிரேயத்தில் அது ‘லெஹி’. நம் தச்சர்கள் சொல்லும் ‘நிலைக்கால்’ இதற்கு அப்படியே பொருந்தும், புதிதாக எதையும் ஆக்கவேண்டாம்.

இனி எரூவ். ஓய்வுநாளுக்கு ஆகாதவை என்று யூதச் சட்டத்தின் பழந்தொகுப்பான மிஷ்னா சொல்லும் 39 வேலைகளில் கடைசி, ஒரு வெளியிலிருந்து இன்னொன்றுக்குப் பொருள் கொண்டுபோவது. வீட்டுச் சாவியும் சுமைதான். எரூவ் இல்லாத ஊரில் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தொழுகைக்கூடம் போக முடியாது. ஒரே முற்றத்தில் குடியிருந்தவர்கள் கூட்டாக உணவு போட்டு ஓரிடத்தில் வைத்தால் முற்றம் முழுதும் ஒரே வீடாகும் என்பது பழைய வழக்கம். ‘எரூவ்’ என்றால் கலப்பு, இதைத்தான் குறிக்கிறது. இன்றும் தொழுகைக்கூடத்தில் இதற்கென்றே புளிப்பில்லா அப்பம் ஒரு பெட்டி இருக்கும். ‘வேலி’, ‘எல்லைக்கம்பி’ இரண்டிலும் இந்த அப்பம் விடுபட்டுப்போகிறது.

நண்பர் ஒருவர் ‘பொதுமுற்றம்’ என்றார். கிட்டத்தட்ட வந்துவிட்டார். ஆனால் அந்தச் சட்டத்தில் சுமக்கக்கூடாத இடத்தின் பெயரே ‘பொதுவெளி’. முழுப் பொதுவெளியைக் கம்பி கட்டி மாற்றவும் முடியாது. அந்தப் ‘பொது’ இங்கே குழப்பும். கூட்டுப் பட்டா என்கிறோமே, அதுபோல ‘கூட்டுமுற்றம்’ என்பது என் பரிந்துரை. வடமேற்கு லண்டனில் 2003இல் வந்த எரூவின் சுற்றளவு சுமார் 11 மைல், அதையா முற்றம் என்பது என்று கேட்பீர்கள். சட்டம் அப்படித்தான் பாவிக்கிறது, சொல்லும் பாவிக்கட்டும்.

ஒன்று பாக்கி. வாரந்தோறும் ஓய்வுநாளுக்கு முன் சுற்றிவந்து, கம்பி எங்காவது அறுந்திருக்கிறதா என்று பார்க்க ஒருவர் உண்டு. அவரை என்னவென்று அழைக்கலாம்? ‘ஆய்வாளர்’ என்றால் காவல்நிலையம் நினைவுக்கு வருகிறது.

அன்புடன்