ஒரே அச்சுப் படகு, பதினான்காவது இடம்

பாய்மரப் படகு ஓட்டியவர்கள் முதல் பந்தய அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். என்னுடையது வெட்கக்கேடு. பரவாயில்லை, சொல்கிறேன்.

41 வயதில் லேசர் என்ற சிறு பாய்மரப் படகை ஓட்டக் கற்றேன். 4.2 மீட்டர் நீளம், ஒரு பாய், ஒரு ஆள். இப்போது ஐ.எல்.சி.ஏ என்று பெயரை மாற்றிவிட்டார்கள், எனக்கு வாயில் வருவதில்லை. கனடாக்காரர் புரூஸ் கிர்பி வரைந்தது. 1971-இல் விற்பனைக்கு வந்ததிலிருந்து அதே உடல்தான். ஆளின் எடைக்கேற்பப் பாயையும் பாய்மரத்தின் கீழ்த்துண்டையும் மாற்றலாம்: பாய் 7.06, 5.76, 4.7 சதுர மீட்டர் என மூன்று அளவு. நான் 62 கிலோ, அதனால் நடு அளவு.

சென்னைத் துறைமுகத்துக்குள் பந்தயம், 14 படகுகள். புறப்பட ஐந்து நிமிடம் இருக்கும்போது ஹாரன் அடித்தார்கள். படகுக்குப் பிரேக் கிடையாது, எல்லோரும் கோட்டுக்குப் பின்னால் மீன்கூட்டம் மாதிரி சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். முந்திக் கோட்டைத் தாண்டினால் திரும்பி வந்து மறுபடி கிளம்பணும். அந்தப் பயத்திலேயே எங்கோ பின்னால் நின்றுவிட்டேன். முதல் மிதவைக்குப் போகும் வழியில் “ஸ்டார்போர்டு!” (வலப்பக்கம்) என்று ஒரு கத்தல். படகின் வலப்பக்கத்திலிருந்து காற்று வாங்கி வருபவருக்கு இடப்பக்கத்திலிருந்து வாங்குபவர் வழிவிட வேண்டும், அதுதான் விதி. பதறிச் சுக்கானைத் தள்ளினேன், படகு கவிழ்ந்தது. பதினான்காவது இடம்.

கரைக்கு வந்து படகைத்தான் திட்டினேன். பழைய படகு, பாய் தொய்ந்துவிட்டது, இன்னும் என்னென்னவோ. அடுத்த பந்தயத்துக்கு அதே படகை ஒரு பள்ளி மாணவி வாங்கிக்கொண்டு போனாள். இரண்டாவதாக வந்தாள். இறங்கியதும், “அங்கிள், கயிற்றை ரொம்ப இழுத்துப் பிடிக்கிறீங்க, பாய்க்கு மூச்சு முட்டுது” என்றாள். பாயின் இருபுறமும் ஒட்டியிருக்கும் நூல் துண்டுகள் சேர்ந்து பின்னோக்கிப் பறக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள். அந்த நூல் எதற்கென்றே அதுவரை நான் கேட்டதில்லை!

அன்றைக்குப் பிடித்த பைத்தியம். எல்லோருக்கும் ஒரே அச்சுப் படகு என்றால் சாக்குச் சொல்ல இடமே இல்லை. ஒலிம்பிக்கில் இந்த வகைக்குப் படகையே போட்டி நடத்துபவர்கள்தான் கொடுக்கிறார்கள். சென்னை வீராங்கனை நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓட்டியது என்னுடைய அதே நடு அளவுப் பாய். (வேறெந்த ஒற்றுமையும் இல்லை.)

பதில்:
என் பையன் ஆப்டிமிஸ்ட் என்ற படகை ஓட்டுகிறான், வயது 10. 2.3 மீட்டர் நீளம், முன்பக்கம் சப்பட்டையாகக் குளியல்தொட்டி மாதிரி இருக்கும். 1947-இல் அமெரிக்காவில் கிளார்க் மில்ஸ் பிள்ளைகளுக்காகவே வடிவமைத்தது. உள்ளே வரும் தண்ணீரை அவனே மொண்டு ஊற்றணும். வீட்டில் டம்ளரைக் கழுவ மாட்டான், கடலில் ஒரு மணி நேரம் மொண்டு கொட்டுகிறான். தண்ணீர் கறுத்து வந்தால் காற்று வருகிறது என்று எனக்கே சொல்லித் தருகிறான்.

பதில்:
அண்ணே, கோவிச்சுக்காதீங்க. நான் தொண்டிப் பக்கம். எங்க பாய்மரப் படகுப் போட்டியில் பாய் தைப்பதிலேயே பாதி வெற்றி என்பார் தாத்தா. வெட்டும் தையலும் அவர் கைக்குள்ளேயே இருந்த ரகசியம். எல்லாப் படகையும் ஒரே அச்சில் வார்த்துவிட்டால் அந்தக் கைக்கு என்ன மதிப்பு?

முதலில் எழுதியவர்:
தம்பி, நியாயமான கேள்வி. லேசரில் உங்கள் தாத்தாவுக்கு வேலை இல்லைதான், பாயில் கத்தரி வைத்தாலே தகுதி போய்விடும். ஆனால் அவர் கச்சான், வாடைக் காற்றுகளைப் படித்த கண் இருக்கிறதே, அதை எந்த அச்சிலும் வார்க்க முடியாது. அவரை லேசரில் உட்கார வைத்தால் எங்களையெல்லாம் ஓரங்கட்டிவிடுவார் என்றே நினைக்கிறேன்.

45 வயதில் கற்க முடியுமா என்று தனிச்செய்தியில் கேட்டவருக்கு: தாராளமாக. நீச்சல் தெரிந்திருக்கணும், லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றக் கூடாது. காற்று பலமானால் படகின் நடுப்பட்டையில் பாதத்தை மாட்டி, உடம்பை வெளியே சாய்த்துத் தொங்கணும். முதல் வாரம் தொடை கெஞ்சும். அப்புறம், மூக்குக் கண்ணாடிக்குக் கயிறு கட்டிக்கொள்ளுங்கள். என்னுடையவை இரண்டு துறைமுகத்துக்கு அடியில் கிடக்கின்றன.