டெர்மினலில் கலர் எழுத்து: என் பைதன் புரோகிராமை ஒருக்கால் பார்த்துச் சொல்லுங்கள்

வெள்ளவத்தை_பொடியன்:
அண்ணாமார், அக்காமார், ஏ.எல். (உயர்தர) வகுப்பில், ஐ.சி.டி. என்ற கணினிப் பாடத்தில் படித்த பைதன் நிரல்மொழியை வைத்து ஒரு புரோகிராம் எழுதியிருக்கிறேன், கம்பஸ் தொடங்கும்வரை சும்மா இருக்கப் பிடிக்கவில்லை. பெயரைக் கொடுத்தால் டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டும் எழுத்துத் திரையில், ஏழு வரி உயரத்தில் ஹாஷ் (#) குறிகளால் பெரிதாக, எழுத்துக்கு ஒரு நிறமாக வரும். ஆங்கிலப் பெயருக்கு வடிவாக வருகிறது. தமிழுக்குப் பெரிய எழுத்து இன்னும் வரையவில்லை, அதனால் சாதாரண எழுத்துக்கே நிறம் அடித்துச் சுற்றிப் பெட்டி போடுகிறேன். அங்கேதான் பிரச்சினை. ‘கொழும்பு’ என்று கொடுத்தால் பெட்டியின் வலப்பக்கக் கோடு எங்கேயோ தள்ளி நிற்கிறது, கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து புள்ளி வட்டத்தோடு வருகின்றன. இன்னொன்று, வெளியீட்டைக் கோப்பில் சேமித்தால் சதுர அடைப்பும் 31, 32 என்று எண்களுமாக ஒரே குப்பை. எழுத்துக்கு ஒரு இஃப் (‘இந்த எழுத்தென்றால் இதை வரை’ என்ற நிபந்தனை) போட்டதில் 400 வரி தாண்டிவிட்டது. கோட் இணைத்திருக்கிறேன். ‘சூப்பர் தம்பி’ வேண்டாம், பிழையைச் சொல்லுங்கள்.

பழைய_டெர்மினல்:
ஓட்டிப் பார்த்தேன். முதலில் அந்த இஃப் வரிசையைத் தூக்கு. எழுத்து வடிவங்களைத் தனிக் கோப்பில் வை, புரோகிராம் அதை வாசித்து, எழுத்தைக் கொடுத்தால் வடிவத்தைத் தரும் டிக்‌ஷனரியில் போட்டுக்கொள்ளட்டும். 1991இல் வந்த ஃபிக்லெட் என்ற புரோகிராம் இதே வேலையைத்தான் செய்கிறது, அதிலும் எழுத்துருக்கள் தனிக் கோப்புகள்தான், புதுசு சேர்க்க புரோகிராமைத் தொடவே தேவையில்லை.

கோப்பில் இருப்பது குப்பை இல்லை தம்பி, நீ அனுப்பிய நிறக் கட்டளை. எஸ்கேப் என்ற கண்ணுக்குத் தெரியாத குறி, அதன் எண் 27, அதற்குப் பின்னால் சதுர அடைப்பும் 31உம் எம்மும் வந்தால் டெர்மினல் அதை எழுத்தாகக் காட்டாமல் சிவப்புக்கு மாறிவிடும். கோப்புக்கு அதெல்லாம் தெரியாது, வந்ததை அப்படியே எழுதி வைக்கும். ஆகவே நிறம் அடிக்க முதல், வெளியீடு டெர்மினலுக்குத்தான் போகிறதா என்று இஸ்-ஏ-டிடிஒய் (isatty) என்ற பைதன் சோதனை கொண்டு கேள். நோ_கலர் (NO_COLOR) என்ற சூழல் மாறி, அதாவது பயனர் தன் கணினியில் வைக்கும் அமைப்பு, இருந்தாலும் நிறத்தை விட்டுவிடு, நிறம் வேண்டாதவர்கள் அதைத்தான் போட்டு வைத்திருப்பார்கள்.

பிறகு, 30 முதல் 37 வரை எழுந்தமானமாக எடுக்கிறாய். 30 கறுப்பு. கறுப்புத் திரையில் என் பெயரில் இரண்டு எழுத்தைக் காணவில்லை! புரோகிராமை நிறுத்த நடுவில் கண்ட்ரோல்-சி அடித்தால் அதன்பின் நான் தட்டுவதெல்லாம் பச்சையாக வருகிறது. நிறத்தைப் பழையபடி ஆக்கும் 0 கட்டளையை, இடையில் நிறுத்தினாலும் ஓடும் ஃபைனலிப் பகுதிக்குள் போடு.

தமிழ்ப் பெட்டியை இப்போதைக்கு விடு, அது முடியாத வேலை.

மஞ்சள்_பூனை:
ஏன் விடவேண்டும்? இந்தப் புரோகிராமில் எனக்குப் பிடித்ததே அந்தப் பெட்டிதான், ஆங்கிலத்துக்குத்தான் ஃபிக்லெட் இருக்கிறதே.

தம்பி, பைதனில் ‘கொழும்பு’வின் நீளத்தைக் கேட்டுப் பார், 8 என்று சொல்லும். நமக்கு அது நாலு எழுத்து. கணினி எழுத்துகளைக் குறிக்கும் முறையான யூனிகோடில் க வேறு, ஒகரக் குறி வேறு, ம வேறு, புள்ளி வேறு. நீ ஃபோர் லூப்பில் ஒவ்வொன்றாக எடுத்து இடையில் நிறக் கட்டளையைச் செருகுகிறாய், அதுதான் ககரத்தையும் அதன் குறியையும் பிரிக்கிறது. ரெஜெக்ஸ் (regex) என்ற, எழுத்துக் கோலங்களைத் தேடும் நூலகத்தை நிறுவு, பைதனோடு வரும் ஆர்ஈ (re) இல்லை, அது வேறு. அதில் பின்சாய்கோடும் பெரிய எக்ஸும் (\X) போட்டுத் தேடினால் கொ, ழு, ம், பு என்று முழு எழுத்தாகப் பிரித்துத் தரும். சிலர் ஒகரத்தை எகரக் குறி, கால் என்று இரண்டாக அனுப்புவார்கள், அதனால் முதலே அவற்றை ஒரே குறியாகச் சேர்க்கும் என்எஃப்சி (NFC) வடிவத்துக்கு மாற்றிவிடு.

ஆனால் எழுத்தை எண்ணி இடைவெளி போட்டாலும் வலப்பக்கக் கோடு நேராக நிற்காது. ‘ழு’வுக்கு எத்தனை கட்டம் என்பதில் டெர்மினலுக்கு டெர்மினல் வித்தியாசம். எண்ணுவதையே விடு. எஸ்கேப், சதுர அடைப்பு, 40, பெரிய ஜி என்று அனுப்பினால் கர்சர் அந்த வரியிலேயே 40ஆவது நிரலுக்குப் போய்விடும், அங்கே கோட்டைப் போடு. உள்ளே எழுத்து எப்படி இருந்தாலும் கோடு அசையாது.

பழைய_டெர்மினல்:
அது சரி, நான் யோசிக்கவில்லை. கோப்புக்கு எழுதும்போது மட்டும் அந்தக் கட்டளை வேலை செய்யாது, அங்கே பெட்டியின் மேல்கோடும் கீழ்கோடும் போதும்.

வெள்ளவத்தை_பொடியன்:
இரண்டையும் செய்தேன், கோடு நேராக நிற்கிறது! அம்மாவின் பெயர் லக்ஷ்மி, அதில் மட்டும் ‘க்’ ஒரு நிறம், ‘ஷ்’ இன்னொரு நிறம். இடையில் கட்டளை வருவதால் இரண்டும் சேரவும் இல்லை.

மஞ்சள்_பூனை:
ஓம், தமிழில் க்ஷவை அது இரண்டாகத்தான் எடுக்கும், ஸ்ரீயும் அப்படித்தான். பிரித்து வந்த பட்டியலில் ‘க்’குக்கு அடுத்தது ஷகரத்தில் தொடங்கினால் இரண்டையும் ஒட்டிவிடு, ஸ்ரீக்கும் அதே மாதிரி ஒன்று. இந்த இரண்டுக்கு மட்டும் இஃப் போடலாம், திட்டமாட்டோம்.