சக்கர நாற்காலியில் இருக்கும் தம்பிக்கு லயத்து நாயைப் பழக்க முடியுமா? (சுங்கை சிப்புட்)

தோட்டத்து மல்லி:

எல்லாருக்கும் வணக்கம். தம்பிக்கு வயது 29. முதுகுத்தண்டில் அடிபட்டு நெஞ்சுக்குக் கீழே உணர்ச்சி இல்லை. கை இரண்டும் நன்றாக வேலை செய்கின்றன. மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருக்கிறோம். பகலில் அம்மா மட்டும்தான் துணை. சாவி, போன், ரிமோட் கீழே விழுந்தால் அம்மா வரும்வரை அவன் காத்திருக்க வேண்டும்.

வீட்டில் 10 மாத நாட்டு நாய் ஒன்று இருக்கிறது. ஆண், 14 கிலோ. பந்து போட்டால் ஓடிப் போய்க் கவ்வும், ஆனால் திருப்பிக் கொண்டு வராது. விழுந்ததை எடுத்துக் கொடுக்க, கதவு திறக்க, லைட் போட இதைப் பழக்கலாமா? லாப்ரடோர்தான் வேண்டுமா? கடைவீதிக்குக் கூட்டிப் போக உரிமை உண்டா? எங்கிருந்து தொடங்குவது?

பெரட்டுக்களம்:

லாப்ரடோர் கட்டாயம் இல்லை மல்லி. பார்வையற்றவருக்கு வழிகாட்டும் நாய்க்கு உயரமும் நடையும் முக்கியம், அதனால் அந்த வேலைக்குச் சில இனங்களையே தேடுகிறார்கள். விழுந்ததை எடுத்துத் தரும் வேலைக்கு 10 கிலோவுக்கு மேலே எந்த நாயும் போதும், குணம் சரியாக இருந்தால். குணத்தை முதலில் பாருங்கள். ஒரு தட்டைப் பின்னால் போட்டுச் சத்தம் எழுப்புங்கள். திடுக்கிடுவது தப்பில்லை, சில விநாடிகளில் திரும்பி வந்து மோந்து பார்க்கிறதா என்பதுதான் கணக்கு. காலி சக்கர நாற்காலியைப் பக்கத்தில் உருட்டுங்கள். பாதத்தையும் காதையும் பிடித்துப் பாருங்கள். சாப்பாட்டுத் தட்டை நகர்த்தும்போது உறுமுகிறதா, கோழியைக் கண்டால் கூப்பிட்ட குரல் காதில் விழுகிறதா என்று கவனியுங்கள். பயந்து ஒளிந்து அரை மணி நேரம் வெளியே வராத நாயை இந்த வேலைக்குத் தள்ளக்கூடாது. நல்ல வளர்ப்பில் வந்து, பெரிய பயிற்சி நிலையங்களில் சேர்க்கப்படும் குட்டிகளிலேயே ஏறக்குறைய பாதிதான் கடைசிவரை தேறுகின்றன. உங்கள் நாய் தேறவில்லை என்றால் அது வீட்டு நாயாகவே சந்தோஷமாக இருக்கட்டும்.

இன்னொன்றையும் முதலிலேயே செய்யுங்கள். ஒரு வாரத்துக்கு, எந்தப் பொருள் எங்கே எத்தனை தடவை விழுகிறது என்று சுவரில் ஒரு தாள் ஒட்டிக் குறியுங்கள். ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் என்றால் நீளக் கைப்பிடி வைத்த கவ்வி போதும், போனுக்குக் கழுத்துக் கயிறு போதும். நாளைக்கு எட்டு, பத்து தடவை என்றால் நாய்க்கு வேலை இருக்கிறது.

பழக்கும் முறையைச் சொல்கிறேன். கட்டளைச் சொல்லில்தான் தமிழ் வீடுகளில் முதல் தப்பு நடக்கும். "எடு", "குடு", "விடு" மூன்றும் "டு" என்று முடிகின்றன, நாய்க்கு மூன்றும் ஒன்றுதான். "எடு" இருக்கட்டும். கையில் தருவதற்கு "கைக்கு" என்றும், தொடாதே என்பதற்கு "வேணாம்" என்றும் வையுங்கள். வீட்டில் ஒருவர் தமிழிலும் இன்னொருவர் மலாயிலும் கட்டளை போடக்கூடாது. சரியாகச் செய்ததைச் சுட்டிக்காட்ட "சரி" என்ற சொல்லும் வேண்டாம், நாள் முழுக்க எல்லாரும் அதைச் சொல்கிறோம். அமுக்கினால் "டிக்" என்று சத்தம் போடும் கிளிக்கர் என்ற சின்னக் கருவியை வாங்குங்கள், இல்லையென்றால் பொத்தான் அமுக்கும் பால்பாயிண்ட் பேனா இருக்கிறதே, அதன் "டிக்" போதும். முதல் நாள் ஒரு டிக், ஒரு துண்டு இறைச்சி. இருபது தடவை, வேறு எதுவும் கேட்க வேண்டாம். துண்டு பட்டாணி அளவு. அன்றாடச் சாப்பாட்டிலிருந்து அந்த அளவைக் கழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு மாதத்தில் குண்டாகிவிடும்.

பிறகு ஒரு சாண் நீளக் கட்டைக்குப் பழைய துணி சுற்றிக் கையில் நீட்டுங்கள். மூக்கால் தொட்டால் டிக். அடுத்து வாய் திறந்து பட்டால் டிக். அடுத்து கவ்வி ஒரு விநாடி. பிறகு இரண்டு, மூன்று, ஐந்து. பலரும் கெடுத்துக்கொள்வது இந்த இடத்தில்தான். நாய் கட்டையை விட்ட பிறகு டிக் அடிப்பார்கள், நாயும் "விட்டால் தீனி" என்று கற்றுக்கொள்ளும். கவ்வியிருக்கும்போதே அடிக்க வேண்டும். ஒரு தடவைக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம், பத்து முறை, நாளைக்கு இரண்டு அல்லது மூன்று தடவை. பத்தில் எட்டு சரியாக வந்தால்தான் அடுத்த படி. ஐந்துக்குக் கீழே போனால் ஒரு படி இறங்குங்கள்.

ஐந்து விநாடி பிடி நின்ற பிறகு கட்டையைத் தரையில் வையுங்கள். முதலில் ஒரு சாண் தள்ளி, பிறகு ஒரு மீட்டர், பிறகு அறையின் மறுபக்கம். தூரத்தைக் கூட்டும்போது பொருளை மாற்றாதீர்கள். பொருளை மாற்றும்போது தூரத்தைக் குறையுங்கள். துணிக்கட்டை, பேனா, ரிமோட், தோல் பட்டை கட்டிய சாவி, உறை போட்ட போன், இந்த வரிசை நல்லது. சில்லறைக் காசைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். சிமெண்டுத் தரையில் தட்டையாகக் கிடப்பதை எடுக்க நாய் பல்லைத் தேய்க்கும், விழுங்கவும் செய்யும்.

கதவு விஷயம்: லயத்து வீட்டுத் தாழ்ப்பாளையும் கிரில் பூட்டையும் எந்த நாயாலும் திறக்க முடியாது. அறைக் கதவுக்கு மட்டும் கீழே அழுத்தும் கைப்பிடி போட்டு, ஒரு முழப் பருத்திக் கயிற்றில் முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டால் இழுத்துத் திறக்கும். லைட்டுக்கு நாயைச் சுவரில் ஏற்ற வேண்டாம். சுவிட்ச் நெஞ்சு உயரத்தில் இருக்கிறது. 14 கிலோ நாய் தினமும் பின்னங்காலில் எம்பி எம்பி இடுப்பைக் கெடுத்துக்கொள்ளும். அதற்குப் பதில் ரிமோட் பல்பு வாங்கலாம். நாற்காலியை இழுக்கவோ, தம்பி அதன் மேல் கை ஊன்றி எழவோ இந்த நாயை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது.

வார்டு அக்கா:

மல்லி, நெஞ்சுக்குக் கீழே உணர்ச்சி இல்லை என்பதால் சில விஷயங்களை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும்.

மடியில் முன்னங்கால் வைத்துப் பொருள் கொடுக்கும் முறையைப் பல காணொளிகளில் காட்டுகிறார்கள். தம்பிக்கு அது வேண்டாம். நகம் கீறினால் அவருக்குத் தெரியாது, கால் இழுபட்டுத் தோல் வழன்றாலும் தெரியாது. அந்தச் சின்னக் காயம் அழுத்தப் புண்ணாகிவிட்டால் மாதக்கணக்கில் படுக்கை. அதற்குப் பதில் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு அடி உயர மரப் பலகை ஸ்டூல் வையுங்கள். நாய் அதன் மேல் முன்னங்கால் வைத்தால் வாய் அவர் கைக்கு நேராக வரும். அவர் முன்னால் குனியவே கூடாது, வயிற்றுத் தசை பிடிக்காததால் அப்படியே தலைகுப்புற விழுந்துவிடுவார். பொருள்தான் கைக்கு வர வேண்டும். நகத்தை இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒரு முறை வெட்டி அரத்தால் தேய்த்துவிடுங்கள். இரவில் கண்ணாடி வைத்துத் தோல் பார்க்கும்போது முழங்காலுக்குக் கீழேயும் பாருங்கள், நாய் உரசிப் போகும் இடம் அதுதான்.

சிறுநீர்ப் பை, குழாய் இருந்தால் நாய் மோந்துகொண்டே வரும். உள்பக்கக் கெண்டைக்காலில் கட்டி, காற்சட்டையால் மூடுங்கள். அவரே குழாய் போட்டுச் சிறுநீர் எடுப்பவர் என்றால், நாயின் எச்சில் பட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் குழாயைத் தொடக்கூடாது. கால் திடீரென்று உதறுவதும் உண்டு. நாய் அதைப் பார்த்து மிரண்டால் வேலை கெட்டுவிடும். பழக்கத் தொடங்கும் முன்பே, கால் உதறும் ஒவ்வொரு தடவையும் நாய்க்கு ஒரு துண்டு போடுங்கள். உதறல் வந்தால் தீனி வரும் என்று அது நினைக்கட்டும்.

அந்த உதறலுக்காக பாக்லோஃபென் மாத்திரை சாப்பிடுகிறாரா? நாய்க்கு அது கொடிய விஷம். 10 மில்லிகிராம் மாத்திரை இரண்டு போதும், 14 கிலோ நாய்க்கு அறிகுறிகள் தொடங்கிவிடும். விழுந்ததை எடுக்கப் பழகிய நாய் விழுந்த மாத்திரையையும் எடுக்கும். மாத்திரை சாப்பிடும் நேரத்தில் நாய் வேறு அறையில் இருக்க வேண்டும், இதில் விதிவிலக்கே கூடாது.

கால்நடை உதவி:

அக்கா சொன்னதோடு தோட்டத்து ஆபத்துகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செம்பனை மரத்தடியில் எலிக்கு வைக்கும் மெழுகுக் கட்டி மருந்து, ரத்தம் உறையாமல் செய்துவிடும். தின்ற அன்றே ஒன்றும் தெரியாது. மூன்று, நான்கு நாள் கழித்துச் சோர்வு, ஈறு வெளுப்பு, மூச்சு வாங்கல் என்று வரும். தின்றதைப் பார்த்துவிட்டால் அறிகுறிக்குக் காத்திராமல் உடனே கிளினிக், மருந்து உறையையும் கையோடு கொண்டு போங்கள். வைட்டமின் கே1 வாரக்கணக்கில் கொடுக்க வேண்டிவரும். இதனால்தான் "எடு" என்று சொன்னால் மட்டுமே எடுக்க வேண்டும், "வேணாம்" என்றால் முகத்தைத் திருப்ப வேண்டும். "வேணாம்" உறுதியாகும் முன் தோட்டத்துக்குள் கயிறு இல்லாமல் விடாதீர்கள். பன்றிக்கு வைக்கும் கண்ணியும் நாகமும் அங்கேதான்.

உண்ணிக் காய்ச்சல் நம் ஊரில் சாதாரணம். உண்ணியைத் தடுக்க மாதம் ஒரு மாத்திரை, அல்லது மூன்று மாதத்துக்கு ஒரு மாத்திரை, எதுவானாலும் தேதியை நாட்காட்டியில் குறியுங்கள். கொசுவால் பரவும் இதயப்புழுவுக்கு மாத மருந்து வேண்டும். 10 மாத நாய் என்பதால் முதலில் ரத்தப் பரிசோதனை, அப்புறம்தான் மருந்து. புழு ஏற்கெனவே இருக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு மருந்து கொடுப்பது ஆபத்து. தடுப்பூசியில் எலிக்காய்ச்சலுக்கு உரியதும் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். ஆண் நாய் என்பதால் கருத்தடை செய்துவிட்டால் நாற்காலிச் சக்கரத்தில் காலைத் தூக்கும் பழக்கமும் குறையும்.

தார்ச் சாலையில் புறங்கையை ஏழு விநாடி வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது. காலை எட்டரைக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும் நடத்துங்கள்.

ஊர்க்குருவி:

சட்டக் கேள்விக்கு: மலேசியாவின் 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம், 685-ஆம் எண். 26-ஆம் பிரிவு பொதுக் கட்டடங்களையும் 27-ஆம் பிரிவு பொதுப் போக்குவரத்தையும் பற்றியது. இரண்டும் மனிதருக்கு உரிமை தருகின்றன. சேவை நாய்க்கென்று தனிப் பிரிவு அந்தச் சட்டத்தில் இல்லை, மறுத்தவருக்குத் தண்டனையும் அதில் சொல்லப்படவில்லை. அதனால் இணையத்தில் விற்கும் "சேவை நாய்" சட்டையும் அடையாள அட்டையும் கடைவீதியில் செல்லாது. கடைக்காரரிடம் முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்குவதுதான் வழி. இந்த நாயின் வேலை முழுக்க வீட்டுக்குள் என்பதால் அதற்காக அலைய வேண்டியதில்லை. நாய் உரிமம் மட்டும் நகராண்மைக் கழகத்தில் ஆண்டுதோறும் எடுங்கள். சுங்கை சிப்புட் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தின் கீழ் வருகிறது. தாமான் (குடியிருப்புப் பகுதி) மலிவு வீட்டுக்கு மாறும் எண்ணம் இருந்தால் அங்கே நாய் வளர்க்க அனுமதி உண்டா என்று ஒப்பந்தத்தில் முதலில் பாருங்கள்.

இன்னொன்று. வீட்டுக்கு வரும் தாதியோ சமூக நல இலாகா அதிகாரியோ முஸ்லிமாக இருக்கலாம். நாயின் எச்சில் பட்டால் அவர்கள் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். நாய் கவ்விய சாவியை அப்படியே அவர்களிடம் நீட்டக்கூடாது. அவர்கள் வரும் நாளில் நாயைப் பின்கட்டில் விட்டு, நாற்காலியின் கைப்பிடியைத் துடைத்து வையுங்கள். நாய் இருப்பதை முன்கூட்டிப் போனில் சொல்லிவிடுங்கள், அது அவர்களுக்கு நாம் தரும் மரியாதை.

தோட்டத்து மல்லி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஆறு வாரம் ஆகிறது. துணிக்கட்டை, பேனா, ரிமோட் மூன்றையும் என் கைக்குக் கொண்டு வருகிறது. சாவியை மோந்துவிட்டுத் திரும்பிவிடுகிறது. தம்பி சொன்னால் பாதி வழியில் போட்டுவிட்டு என்னைப் பார்க்கிறது. எங்கே தப்பு, அண்ணே?

பெரட்டுக்களம்:

சாவி சின்னத் தப்புதான் மா. இரும்பு பல்லில் படுவது பல நாய்களுக்குப் பிடிக்காது. துணிக்கட்டையிலேயே ஒரு சாவியைக் கட்டித் தொங்கவிடுங்கள். சத்தம் பழகட்டும். பிறகு துணியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கடைசியில் கட்டை விரல் அகலத் தோல் பட்டை மட்டும் மிஞ்சட்டும். அந்தப் பட்டை எப்போதும் சாவியில் இருக்கட்டும், வெறும் சாவியை எடுக்க வைக்க வேண்டிய அவசியமே இல்லை.

இரண்டாவதுதான் பெரிய வேலை. நாய் இப்போது உங்கள் நாய். தம்பிக்கு அதைக் கைமாற்ற வேண்டும். பயிற்சி நிலையங்களில் நாயை ஒருவரிடம் ஒப்படைக்கும்போது இரண்டு, மூன்று வாரம் இருவரையும் சேர்த்து வைத்துப் பழக்குவார்கள், அதே வேலைதான் இது. இன்றிலிருந்து காலைச் சாப்பாடு, மாலைச் சாப்பாடு, தீனித் துண்டு எல்லாம் தம்பி கையால் மட்டும். நாற்காலிக் கைப்பிடியில் தம்பியின் வலது பக்கம் ஒரு சின்ன மூடி போட்ட டப்பாவைக் கட்டுங்கள், தேடிக்கொண்டிருந்தால் நேரம் தவறிவிடும். டிக் அடிப்பதும் அவரே. முதல் வாரம் நீங்கள் அவர் பின்னால், நாற்காலிக்கு ஒட்டி நில்லுங்கள், பேசாதீர்கள், நாயின் கண்ணைப் பார்க்காதீர்கள். பொருளை அவர் காலடிக்கு ஒரு சாண் தள்ளி வைத்து, மறுபடி முதல் படியிலிருந்து. அது உங்களைப் பார்த்தால் சுவரைப் பாருங்கள். ஒவ்வொரு நாளும் ஓரடி பின்வாங்கி, இரண்டாம் வாரம் அறைக்கு வெளியே போய்விடுங்கள். பாதி வழியில் போட்டால் திட்ட வேண்டாம். தூரத்தைப் பாதியாக்குங்கள், பொருள் கையில் பட்ட பிறகுதான் டிக்.

நாற்காலி நகரும்போது நாய் சக்கரத்திலிருந்து ஒரு அடி தள்ளி நிற்கப் பழக்குங்கள். பாதம் நசுங்குவது பெரும்பாலும் பின்னால் உருட்டும்போதுதான். உருட்டும் முன் "பின்னால" என்று சொல்லி, நாய் விலகியதும் தீனி. பொருள் வாங்கும்போது பிரேக் போட்டிருக்க வேண்டும். கயிற்றை நாற்காலியில் கட்டவே கூடாது. ஒரு குரங்கைக் கண்டால் போதும், நாற்காலி சாய்ந்துவிடும்.

அம்மாவிடமும் நீங்கள் பேச வேண்டும். பொருள் விழுந்த சத்தம் கேட்டதும் ஓடி வந்து குனிந்து எடுத்துவிடுவார். பாசம்தான், ஆனால் நாய்க்கு அங்கே வேலை இல்லாமல் போகும், பத்து நாளில் மறந்தும் விடும். பொருள் விழுந்தால் இருபது எண்ணும்வரை அம்மா உட்கார்ந்த இடத்திலேயே இருக்கட்டும். வேலை இல்லாத நாளிலும் தம்பி வேண்டுமென்றே ஐந்து தடவை எதையாவது கீழே போட வேண்டும். சுவரில் ஒட்டிய தாளில் அதையும் எழுதுங்கள்: யார் சொன்னது, எந்தப் பொருள், முதல் சொல்லுக்கே எடுத்ததா. உலகத் தரம் வைத்திருக்கும் அமைப்புகள் பத்தில் ஒன்பது தடவை முதல் சொல்லுக்கே செய்ய வேண்டும் என்று கேட்கின்றன. அந்த எண்ணிக்கை தம்பியின் குரலுக்கு வரும்வரை போனை நம்பி விடாதீர்கள். அதுவரை பழைய ரிமோட்டையே போடச் சொல்லுங்கள், உடைந்தாலும் பரவாயில்லை.