பழைய வெப்லி ரிவால்வர்: புது புளூயிங் போட்டால் விலை ஏறுமா?

குடமுருட்டி:
வணக்கம். தாத்தாவிடமிருந்து அப்பா லைசென்ஸுக்கு வந்த வெப்லி அண்ட் ஸ்காட் மார்க் 4, .32 (குண்டின் அளவு) ரிவால்வர் ஒன்றை விற்க வேண்டும். குழலில் நீலப்பூச்சு தேய்ந்து வெளுத்திருக்கிறது, இரண்டு இடத்தில் துரு. பாலீஷ் போட்டுப் புது புளூயிங் (இரும்புக்கான நீலப்பூச்சு) ஏற்றினால் கூட விலை கிடைக்கும் என்கிறார்கள். செய்யலாமா?

வெண்ணாறு:
கையே வைக்காதீங்க. பாலீஷ் சக்கரம் பட்டால் குழலின் விளிம்புகள் மழுங்கும், கம்பெனி எழுத்தும் சுட்டுச் சோதித்ததற்கான பர்மிங்ஹாம் முத்திரையும் பாதி அழியும். சேகரிப்பவர் முதலில் லென்ஸ் வைத்துப் பார்ப்பதே அந்த எழுத்துகளின் ஓரத்தைத்தான். தேய்ந்த அசல் பூச்சுக்கு மதிப்பு உண்டு. பளபளக்கும் புதுப் பூச்சு வந்த பிறகு அது வெறும் சுடும் துப்பாக்கி. இழந்ததை எந்தப் பட்டறையும் திருப்பித் தராது.

துருவுக்கு: குழலை மடித்துத் திறந்து, குண்டு போடும் சிலிண்டர் காலி என்று உறுதி செய்துகொண்டு, துப்பாக்கி எண்ணெய் தடவி ஒரு நாள் ஊறவிட்டு, பருத்தித் துணியால் துடையுங்கள். போகாத இடத்தில் மட்டும் 0000 ஸ்டீல் வுல் (மிக மெல்லிய இரும்பு நார்), அதுவும் எண்ணெயோடு, அழுத்தாமல். உப்புத்தாளும் புளியும் வேண்டவே வேண்டாம்.

கடைமடை:
தோல் உறை இருந்தால் பத்திரப்படுத்துங்க, அதற்கும் விலை உண்டு. ஆனால் ரிவால்வரை அதற்குள் வைக்காதீங்க. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தைத் தோல் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தோலைப் பதனிட்ட உப்பும் அமிலமும் சேர்ந்து இரும்பை அரிக்கும். குழலின் ஒரே பக்கம் துரு என்றால் பெரும்பாலும் உறைதான் காரணம். நாகை, வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்று வேறு. எண்ணெய்த் துணி சுற்றி, சிலிக்கா ஜெல் போட்டு, சுவரை ஒட்டாத பீரோவில் வையுங்கள்.

அரசலாறு:
விலைக்கு வருவோம். 1980களின் நடுவில் தனியார் இறக்குமதி நின்றதால் வெளிநாட்டு .32க்கு எகிறிய கிராக்கி பல வருடம் நீடித்தது. இப்போது கான்பூர் அரசுத் தொழிற்சாலை ரிவால்வர் இருக்கிறது, வெப்லி பெயரிலேயே உத்தரப் பிரதேசத்தின் ஹர்தோயில் தயாராகிறது. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைக்க முடியாது. மூன்றாவதை விட்டவர்களால் பழையவை கடைகளுக்கு வந்தன. ஆகவே 'வெளிநாட்டுச் சரக்கு' என்பதற்கு மட்டும் யாரும் பணம் கொட்ட மாட்டார்கள்.

இனி விலையைத் தீர்மானிப்பது: சட்டகத்திலும் சிலிண்டரிலும் ஒரே எண், குழலுக்குள் குண்டைச் சுழற்றும் வரிகள் குழி விழாமல் இருப்பது, திருகுத் தலைகளில் சிதைவு இல்லாமை, முதல் வாங்கிய ரசீது. குழலைப் பிடித்து பக்கவாட்டில் அசையுங்கள்; குழல் மடியும் கீல் ஆடினால் விலை சரியும். ட்ரிகரை அழுத்திப் பிடித்த நிலையில் சிலிண்டர் பெரிதாக ஆடக்கூடாது. குண்டில்லாமல் சுட்டுப் பார்க்காதீர்கள், ஹாமர் மூக்கு (குண்டைத் தட்டும் முனை) உடைந்தால் அசல் பாகம் கிடைப்பது கஷ்டம்.

தந்தக் கைப்பிடி போட்டிருந்தால் அதை விற்கவே முடியாது, வனவிலங்குச் சட்டம் குறுக்கே நிற்கும்.

குடமுருட்டி:
மிக்க நன்றி, பூச்சைத் தொடவில்லை. இன்னொரு சந்தேகம்: நூறு வருடம் தாண்டினால் லைசென்ஸ் தேவையில்லையாமே?

அரசலாறு:
தவறு. ஆயுதச் சட்டம் 45வது பிரிவு விலக்கு தருவது, பழுது பார்த்தாலும் சுட முடியாத பழங்காலத் துப்பாக்கிக்குத்தான். உங்களுடையது சுடும். வாங்குபவரிடம் லைசென்ஸ் இருக்க வேண்டும். அவர் விவரத்தோடு கலெக்டருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுதிக் கொடுத்து 45 நாள் கழித்தே கைமாற்றலாம். அவசரமென்றால் லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையில் கொடுங்கள், அங்கே விலை குறைத்துத்தான் கேட்பார்கள்.